குறைக்குக் கடுஞ்சொல்! குற்றத்துக்குத் தேன்சொல்!

போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுப்பதற்காகத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன்.

என் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், ஒரு ஆச்சி அங்கே இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். அந்தப் பக்கத்து அம்மன் பெயர்தான் அவருக்கு. அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஊர் சின்ன ஊர். பத்திரிகையில் பெயர் போட ஆச்சியிடம் நான் அனுமதி கேட்கவும் இல்லை.

பஸ்சை விட்டு இறங்கினேன். டீக்கடையில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தேன்.

டீக்கடைக்காரர் யோசித்தார். "அப்படி யாரும் இங்கே இல்லையே, அண்ணாச்சி" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்களும் யோசித்தார்கள். மேலத் தெருவில் அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார், அவர் செத்து நாலு வருஷம் ஆயிற்று என்றார் ஒரு பெரியவர்.

"அவர் வீட்டுக்காரர் பால் வியாபாரம் செய்தவர். இவருக்குக் காது கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"அட! நம்ம செவிட்டு ஆச்சியா! அதை மொதல்லயே சொல்லக் கூடாதா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு பையனை என்னோடு அனுப்பினார்கள். அவன் வாசலில் நின்றுகொண்டு, "செவிட்டு ஆச்சி! ஒன்னத் தேடி ஆள் வந்திருக்கு!" என்று கத்தினான். ஆச்சி சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். என் மூக்கைப் பார்த்தே இன்னார் மகன் என்று சொல்லிவிட்டார்.

பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. உறையைத் தடவிப் பார்த்தார்.

"மேலே என்ன எழுதியிருக்கு, ஐயா?"

"உங்க பேருதான், ஆச்சி."

"வாசி, பாப்போம்."

உரக்கப் படித்தேன். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஊரில் எல்லாரும் இப்படிக் கூப்பிடுகிறார்களே, உங்களுக்கு வருத்தமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டவுக எல்லாம் போய்ச் சேந்துட்டாவ, ராசா. இப்போ எம் பேரு தெரிஞ்ச ஆளு ரேசன் கடைக்காரன் ஒருத்தன்தான்" என்றார் ஆச்சி.

நாற்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்ததாம். அதற்குப் பிறகுதான் காது மங்கியதாம். அதாவது, பாதி ஆயுள் வரை அவருக்குப் பெயர் இருந்திருக்கிறது! பிறகு காது போயிற்று. காதோடு பெயரும் போயிற்று.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் இது என் மனதைவிட்டுப் போகவில்லை. குறைகளுக்கு நாம் என்னென்ன சொற்கள் வைத்திருக்கிறோம், அவற்றை யார் மேல் வீசுகிறோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். நோட்டு நிறைந்துவிட்டது.

<b>செயல் எப்படிப் பெயர் ஆகிறது?</b>

"அவன் திக்கிப் பேசுகிறான்" என்றால் அது ஒரு செய்தி. இப்போது திக்குகிறான். நாளைக்குத் திக்காமலும் பேசலாம். பாட்டுப் பாடும்போது திக்குவதே இல்லையாம்.

"அவன் திக்குவாயன்" என்றால்? கதவை மூடிவிட்டோம். பாடினாலும் அவன் திக்குவாயன்தான்.

காலை இழுத்து நடக்கிறவர் 'நொண்டி' ஆகிறார். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர் 'ஒத்தக்கண்ணன்' ஆகிறார். கணக்குப் பாடத்தில் கழித்தல் வராத பிள்ளை 'மக்கு' ஆகிறான். ஒரு உறுப்புக்கு, ஒரு பாடத்துக்கு உரிய சொல்லை எடுத்து முழு ஆள் மேல் போர்த்திவிடுகிறோம். இதற்கு ஒரு எழுத்தோ, இரண்டு எழுத்தோ மாற்றினால் போதும். அவ்வளவு சுலபம்!

என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவன் இருந்தான். வாத்தியார் அவனை 'மக்கு' என்றுதான் கூப்பிடுவார். வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் அவன் பெயர் காதில் விழும். கடைசி பெஞ்சு. பாடம் நடத்தினால் நன்றாகக் கேட்டுக்கொள்வான். கேள்வி கேட்டால் வாயால் சரியாகச் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போயிற்று! எழுத்துகள் அவன் கண்ணுக்கு நிற்காது. எட்டாவதோடு நின்றுவிட்டான்.

இன்று அவன் கிணற்று மோட்டார்களைக் கழற்றி மாட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் பஸ் போர்டைப் படிக்க முடியாமல், பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுகிறான்.

இதற்கு டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் இருக்கிறது. கற்றல் குறைபாடு என்று தமிழில் சொல்கிறார்கள். புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1995-ம் ஆண்டு வந்த சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் வந்த புதுச் சட்டம் அதை 21 வகையாக்கியது. கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. அவனுக்கு அப்போதே இந்தப் பெயர் கிடைத்திருந்தால் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'மக்கு' என்ற பெயர் கிடைத்ததால், சொல்லிக்கொடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

சரியான பெயருக்கும் வசைப் பெயருக்கும் இதுதான் வித்தியாசம். ஒன்று கேட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மற்றது கேட்டால் இனி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று தோன்றும்.

<b>கத்தரிக்காய்க்கு உள்ள மரியாதை</b>

சந்தையில் போய்ப் பாருங்கள். குறைகளுக்கு எத்தனை நுட்பமான சொற்கள்!

கத்தரிக்காயில் புழு இருந்தால் சொத்தை. தக்காளி குழைந்தால் அழுகல். நெல்லில் உள்ளே ஒன்றும் இல்லை என்றால் பதர். முற்றாமல் கருத்திருந்தால் கருக்காய். மரத்தில் முடிச்சு விழுந்தால் கணு. உள்ளே அரித்திருந்தால் உளுத்துப் போனது. தங்கத்தில் செம்பு கூடினால் 'மாற்றுக் குறைவு' என்பார் பத்தர். பானையை வாங்கும் பெண், விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தத்திலேயே விரிசல் தெரிந்துவிடும்.

சிலப்பதிகாரத்தில் மதுரை நகரின் ரத்தினக் கடைத் தெரு வருகிறது. வைரத்துக்கு உண்டான நாலு குற்றங்களை இளங்கோவடிகள் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். அதில் ஒன்று காகபாதம். காக்கையின் கால் போன்ற கோடு வைரத்துக்குள் இருந்தால் அந்தப் பெயர்.

கல்லுக்கு இத்தனை கவனம்! ஒரு கல்லில் எங்கே கோடு, எந்தப் பக்கம் கறை என்று பார்த்துச் சொன்னவர்கள் நாம். மனிதர் விஷயத்தில் மட்டும் "அது ஒரு லூசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

<b>நயமாகப் பேசத் தெரியாதவர்களா நாம்?</b>

இல்லவே இல்லை. நயமாகப் பேசுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது!

விருந்தாளி வாசலை விட்டு இறங்கும்போது "போகிறேன்" என்று சொல்ல மாட்டார். "போய் வருகிறேன்" என்பார். விளக்கை 'அணை' என்று நம் பாட்டிமார் சொன்னதில்லை. 'குளிர வை' என்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. "அரிசி நிறைந்திருக்கிறது" என்பாள் வீட்டுக்காரி. கணவனுக்குப் புரிந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவான்.

இதற்கெல்லாம் இலக்கணமே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் இதைச் சொல்லியிருக்கிறார். நல்லதல்லாததை நல்ல சொல்லால் சொல்வதற்கு மங்கலம் என்று பெயர். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் இந்த வகை. நாலு பேர் முன் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொன்னால் அது இடக்கரடக்கல். "கால் கழுவி வந்தேன்" என்கிறோமே, அதுதான்.

பாம்பு விஷயத்தைப் பாருங்கள். கடித்தால் ஆளைக் கொல்லும் பாம்புக்கு என்ன பெயர் வைத்தோம்? நல்ல பாம்பு!

பெரியம்மை நோய் ஊரையே வாரிக்கொண்டு போன காலம் உண்டு. அதற்கும் 'அம்மை' என்றுதான் பெயர். தாய்! "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். உடம்பெல்லாம் வெடித்த கொப்புளத்தை 'முத்து' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அக்கம்பக்கத்தார் உள்ளே வர மாட்டார்கள். நோய் பரவாமல் இருக்க அது ஓரளவு உதவியும் இருக்கும். ஆனால் தாய் வந்திருக்கும்போது ஊசியும் மருந்தும் கூடாது என்று இருந்தவர்களும் உண்டு. தேன் தடவிய சொல்லால் வந்த நஷ்டம் அது. கடைசியில் அந்த நோயை விரட்டியது ஊசிதான். இந்தியாவில் 1975-ல் கடைசி நோயாளி. 1980-ல் உலகத்திலேயே அது இல்லை என்று அறிவித்தார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நோய்க்கு 'அம்மை', 'முத்து' என்று அழகான பெயர். அந்த நோயிலிருந்து தப்பிப் பிழைத்து, முகத்தில் தழும்போடு வந்தவருக்கு? 'அம்மைத் தழும்பன்'! கொல்ல வந்ததற்கு மரியாதை. பிழைத்து வந்தவனுக்கு வசை.

<b>மாமூல் என்றால் வழக்கம்!</b>

என் நோட்டுப் புத்தகத்தில் எதிர்ப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அதில் எழுதியவை வேறு ரகம்.

லஞ்சம் வாங்குகிறவருக்கு நாம் கொடுப்பது என்ன? 'மாமூல்'. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே 'வழக்கமானது' என்பதுதான். இன்னும் கொஞ்சம் பெரிய இடமானால் 'அன்பளிப்பு'. அதைவிடப் பெரிய இடமானால் 'கவனிப்பது'. "அவரைக் கொஞ்சம் கவனித்துவிடுங்கள்" என்றால், ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கவனிக்கச் சொல்வது போலவே இருக்கிறது!

தினமும் குடித்துவிட்டு வருகிறவருக்கு 'கொஞ்சம் பழக்கம் உண்டு'. பெண்டாட்டியை அடிக்கிறவர் 'கொஞ்சம் முன்கோபி, மனசு வெள்ளை'. எடை குறைத்து விற்கிறவர் 'வியாபாரத்தில் கெட்டி'. கல்லாவில் கை வைத்த மைத்துனருக்கு 'கை கொஞ்சம் நீளம்'. எல்லாவற்றிலும் அந்தக் 'கொஞ்சம்' ஒன்று கூடவே வருகிறது, கவனித்தீர்களா? குடிப்பவருக்குக் கொஞ்சம், அடிப்பவருக்குக் கொஞ்சம். "அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்" என்று மட்டும் சொல்ல நாக்கு வளைவதில்லை. நேராகச் 'செவிடு'!

தமிழில் குறை என்பது ஒன்று, குற்றம் என்பது வேறொன்று. குறை என்றால் ஏதோ ஒன்று போதவில்லை. அதைத் தீர்க்கலாம், நிரப்பலாம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் நடப்பதற்கு 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' என்று பெயர். அங்கே மனுவோடு நிற்கும் மக்களை யாராவது குற்றவாளி என்பார்களா? குற்றம் என்றால் செய்தது. செய்தவர் பொறுப்பு. திருவள்ளுவர் 'குற்றங்கடிதல்' என்று ஒரு அதிகாரமே வைத்தார், 44-வது அதிகாரம். அதில் அவர் கடிவது ஆணவத்தையும் கோபத்தையும் பேராசையையும். காலையும் கண்ணையும் அல்ல!

நாம் இரண்டையும் தலைகீழாகப் போட்டுக்கொண்டோம். யாரும் கேட்டு வாங்காத குறைக்குக் கடுஞ்சொல். தெரிந்தே செய்கிற குற்றத்துக்குத் தேன்சொல். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. லஞ்சம் வாங்குகிறவர் திருப்பி அடிப்பார். நம் காரியம் கெட்டுவிடும். செவிட்டு ஆச்சி என்ன செய்துவிடப் போகிறார்?

<b>மலடனைப் பார்த்ததுண்டா?</b>

பெண்களிடம் வரும்போது இது இன்னும் மோசம்.

கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை என்றால் 'மலடி' என்ற சொல் தயாராக இருக்கிறது. வாசலில் அவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. அகராதியில் 'மலடன்' என்ற சொல்லும் இருக்கிறது. யாராவது யாரையாவது தெருவில் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ஆனால் டாக்டர்கள் சொல்வது என்ன? குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், ஆணிடமும் காரணம் இருக்கிறது. சொல் மட்டும் ஒருத்தி தலையில்!

கணவன் துரத்திவிட்டால் அவள் 'வாழாவெட்டி'. துரத்தியவனுக்கு என்ன பெயர்? நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். வாசகர்களுக்குத் தெரிந்தால் எழுதலாம்.

<b>சங்கிலியில் கட்டிய சொல்</b>

"வெறும் வார்த்தைதானே! வார்த்தை என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794-ல் தொடங்கிய பழைய நிலையம். அங்கே போய்க் குணமாகி வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நம் வாயில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரே வசையாகிவிட்டது. "நீ கீழ்ப்பாக்கம் போக வேண்டிய ஆள்" என்கிறோம். இப்படி இருந்தால், தூக்கம் வராமல், மனசு சோர்ந்து தவிக்கிற ஒருவர் வைத்தியத்துக்குத் துணிந்து போவாரா? போனாலும் வீட்டார் வெளியே சொல்வார்களா? தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து நாள் கடத்துவார்கள்.

2001 ஆகஸ்டு 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

'நோயாளி' என்று ஒருவரை நினைத்தால் கை மருந்தைத் தேடும். 'பைத்தியம்' என்று நினைத்தால் சங்கிலியைத் தேடும். அந்தக் கொட்டகையில் பூட்டுப் போட்ட கைக்கு முன்னால் அந்தச் சொல்தான் போயிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். தொழுநோய்க்கு இன்று மாத்திரை இருக்கிறது. முழுக்கக் குணமாகிறது. குணமானவரை என்னவென்று சொல்வது? காய்ச்சல் வந்து போனவரைக் 'காய்ச்சல்காரர்' என்று ஆயுள் முழுக்கச் சொல்கிறோமா? இவரை மட்டும் 'குஷ்டரோகி' என்றே சொன்னோம். சட்டமே அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட குஷ்டரோகிகள் சட்டம் 2016 வரைக்கும் புத்தகத்தில் கிடந்தது. ஒருவருக்குத் தொழுநோய் என்றால் அதைக் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்றிருந்த சட்டத்தை 2019-ல்தான் மாற்றினார்கள்.

<b>சட்டம் என்ன சொல்கிறது?</b>

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 92-வது பிரிவில், ஒரு மாற்றுத்திறனாளியை நாலு பேர் பார்க்க, அவமானப்படுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே இழிவு செய்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு. அபராதமும் உண்டு.

2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, ஒரு சினிமாப் பட வழக்கில், குறை உள்ளவர்களைப் படத்தில் காட்டுவது பற்றி விளக்கமாகத் தீர்ப்புச் சொன்னது. குறையோடு வாழ்வதைப் புரியவைக்கிற சிரிப்பு வேறு, குறை உள்ளவரை மட்டம் தட்டுகிற சிரிப்பு வேறு என்று பிரித்துக் காட்டியது. நம் தமிழ்ப் படக் காமெடிகளில் எத்தனை, இந்த இரண்டில் முதல் ரகத்தில் தேறும்? திக்கிப் பேசுகிறவர், மாறுகண் உள்ளவர், வழுக்கைத் தலையர், கறுப்பு நிறத்தவர்... இவர்கள் இல்லாவிட்டால் பாதிக் காமெடியே கிடையாது.

அதற்காக வீட்டில் பாட்டி பேரனைச் செல்லமாக "டேய் மொட்டை" என்று கூப்பிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. செல்லமும் வசையும் ஒரே சொல்லில் வரும். கூப்பிடப்படுகிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

<b>ஐயூர் முடவனாரின் பெயர் என்ன?</b>

"பழைய காலத்தில் இதையெல்லாம் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையே" என்றார் எங்கள் ஆபீசில் ஒரு மூத்தவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

சங்கப் புலவர்களில் ஒருவர் ஐயூர் முடவனார். 17-ம் நூற்றாண்டில் இருந்தவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். அந்தகன் என்றால் கண் தெரியாதவர். அவரைப் பெரும் புலவர் என்று கொண்டாடினார்கள். இரட்டைப் புலவர் கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குக் கண் இல்லை, இன்னொருவருக்குக் கால் இல்லை. பார்வை இல்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் உட்கார்ந்துகொள்வாராம். ஒருவர் பாதி வெண்பா பாட, மற்றவர் மீதியை முடிப்பாராம்.

முடவனார் என்பதில் ஓர் 'ஆர்' இருக்கிறது, மரியாதை இருக்கிறது என்று மூத்தவர் எடுத்துக் காட்டினார். ஒப்புக்கொண்டேன். அப்புறம்தான் தோன்றியது. ஐயூர் அவர் ஊர். முடவனார் அவர் கால். அவர் பெயர் என்ன? தாயும் தகப்பனும் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள் அல்லவா? அது நமக்குத் தெரியாது. எங்கள் ஆச்சியின் கதைதான்!

2010-ல் கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். நல்ல மாறுதல். டெல்லியில் 'திவ்யாங்' என்று, தெய்விக உறுப்பு உடையவர் என்ற அர்த்தத்தில் ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல அதை ஏற்கவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை. நொண்டி என்று கீழே தள்ளுவதும், தெய்வம் என்று மேலே தூக்கி வைப்பதும் ஒரே வேலைதான். பக்கத்தில் உட்கார வைக்க மனசு இல்லை!

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1952-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'ஸ்பாஸ்டிக்' என்ற டாக்டர் சொல்லைப் பெயராக வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தச் சொல்லை வைத்தே ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1994-ல் சங்கம் தன் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. இங்கே இப்போது 'ஸ்பெஷல் சைல்ட்' என்ற சொல் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட்டில் கேட்ச் விட்டவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எண்ணம் அழுக்காக இருந்தால் எந்தச் சட்டையைப் போட்டாலும் அழுக்காகத்தானே செய்யும்?

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன், சக்கர நாற்காலியில் வேலைக்குப் போய் வரும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனேன். சின்ன வயதில் போலியோ தாக்கியவர். 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பஸ்களை விட்ட பிறகு, அவர் தெருப் பக்கம் அந்தப் பஸ் வருமா என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

"உங்களை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"எனக்குப் பேர் இருக்கு, சார். அதைச் சொல்லுங்க. கட்டுரையில் எழுதணும்னா மாற்றுத்திறனாளின்னு எழுதிக்கோங்க" என்றார். பிறகு சிரித்தார்.

"போன வருஷம் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. மைக்கிலே எவ்வளவு மரியாதையாப் பேசினாங்க தெரியுமா? 'நம் மாற்றுத்திறனாளி நண்பரை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்'னாங்க. மேடைக்கு ஆறு படி. சாய்தளம் கிடையாது. நாலு பேர் நாற்காலியோட தூக்கிக்கிட்டுப் போனாங்க. கூட்டம் முழுக்கக் கை தட்டுது. எனக்கு எங்கே விழுந்திடுவேனோன்னு பயம். மேலே போனதும் சால்வை போட்டாங்க."

"சால்வை நன்றாக இருந்ததா?" என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

அலமாரியைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.